வண்டி யார் பெயரில் இருக்கிறது?



மதரஸா வாசலில் நிற்கும் பழைய வேகன் ஆர் வண்டியைப் பற்றி எங்கள் மஹல்லாவில் பலரும் விசாரித்துவிட்டார்கள். என்ன விலை, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்றெல்லாம் கேட்டார்கள். ஆர்.சி. யார் பெயரில் இருந்தது, எப்படி என் பெயருக்கு மாறியது என்று கேட்டவர் ஒருவரே. அவருக்குச் சொல்லத் தொடங்கிய பதில் அஸரிலிருந்து மக்ரிப் வரை நீண்டது. நம் குடும்பங்களில் பெரும்பாலோர் புதிய வண்டி வாங்குவதில்லை. இன்னொருவர் ஓட்டிய வண்டியைத்தான் வாங்குகிறோம். ஆகவே அந்தப் பதிலை இங்கும் எழுதி வைக்கிறேன்.

என் தாயாரை மாதந்தோறும் மருத்துவத்திற்காகப் புதுச்சேரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். செஞ்சியிலிருந்து திண்டிவனம் சென்று, அங்கே இறங்கி, வேறு பேருந்து ஏறுவது அவர்களுடைய முழங்காலுக்கு இயலாமற்போயிற்று. கையிருப்பும், மைத்துனர் கொடுத்த கர்ளு ஹஸனாவும் சேர்ந்து ஒன்றே முக்கால் லட்சம் தேறியது. வட்டிக் கடனுக்குப் போவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்ததால், அந்தத் தொகைக்குள் கிடைப்பதே நமக்குரிய வண்டி என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் காட்டப்பட்டது புதுச்சேரிப் பதிவெண் கொண்ட ஒரு வண்டி. நம் பகுதியில் பி.ஒய். என்று தொடங்கும் எண் பலகைகள் ஏன் இத்தனை ஓடுகின்றன என்பது அனைவரும் அறிந்ததே. அங்கே வாகன வரி குறைவு. எனவே அவ்வண்டிகளின் விலையும் குறைவு. எனக்குக் காட்டியது, அதே வயதுடைய தமிழ்நாட்டு வண்டியைவிட நாற்பதாயிரம் ரூபாய் மலிவு. தரகர் அதனைப் பெரிய ஆதாயமாகச் சொன்னார். அந்த நாற்பதாயிரம் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, வரி எவ்வாறு அமைந்திருக்கிறது என்று சிறிது பார்க்க வேண்டும்.

வாகனப் பதிவு மத்திய அரசின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி நடக்கிறது. வரியோ மாநிலத்துக்குரியது. நம் மாநிலத்தில் அதற்கு 1974-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டம் இருக்கிறது. புதிய கார் வாங்குபவர் முதற்பதிவின்போதே ஆயுள் வரியைக் கட்டிவிடுகிறார். 2023 நவம்பர் 9 முதல் உள்ள விகிதம்: வண்டியின் விலை 5 லட்சம் வரையெனில் 12 விழுக்காடு, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கும் மேலெனில் 20. இவ்வரி வண்டியோடு ஒட்டியது. உரிமையாளர் மாறினாலும் அது மாறுவதில்லை. எனவே தமிழ்நாட்டில் பதிவான காரைத் தமிழ்நாட்டிலேயே ஒருவர் வாங்கும்போது, ஆயுள் வரியை இரண்டாம் முறை கட்ட வேண்டியதில்லை. பெயர் மாற்றத்திற்கான கட்டணம் சில நூறு ரூபாய்தான். தனிமனிதர் தனிமனிதருக்கு விற்கும்போது ஜி.எஸ்.டி.யும் இல்லை. பதிவு பெற்ற பழைய கார் வணிகர் மட்டும் தமது இலாபப் பகுதியின் மீது 18 விழுக்காடு கட்டுகிறார்.

வெளிமாநில வண்டி அப்படியன்று. முதலில் பதிவான அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று பெற வேண்டும். அதற்குரியது படிவம் 28. இங்கே புதிய பதிவெண் கேட்டுப் படிவம் 27 கொடுக்க வேண்டும். வண்டியின் வயதுக்கேற்பக் கணக்கிட்ட ஆயுள் வரியைத் தமிழ்நாட்டுக்குக் கட்ட வேண்டும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் எஞ்சிய காலத்துக்குரிய பங்கைத் திருப்பிக் கேட்க வழியுண்டு. அதற்காக நடையாய் நடந்து பணம் பெற்றவரை நான் இன்னும் நேரில் சந்திக்கவில்லை. இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் அந்த நாற்பதாயிரம் கரைந்துவிடும்.

“அதெல்லாம் யாரு ஹஜ்ரத் கட்டுறாங்க? பன்னெண்டு மாசம் வரைக்கும் கேட்க மாட்டாங்க, அதுக்கப்புறமும் கேட்க மாட்டாங்க” என்றார் தரகர்.

பன்னிரண்டு மாதம் என்று சட்டத்தில் இருப்பது உண்மையே. ஒரு வண்டி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வைக்கப்பட்டால் அங்குள்ள பதிவெண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது 47-ஆம் பிரிவு. அது பதிவெண்ணைப் பற்றிய பேச்சு. வரிச் சட்டமோ, இம்மாநிலத்தில் ஓடுகிற அல்லது ஓட்டுவதற்காக வைக்கப்பட்டிருக்கிற வண்டியின் மீது வரி விதிக்கிறது. செஞ்சியில் குடியிருந்துகொண்டு, புதுச்சேரியில் யாரோ ஒருவரின் வாடகை வீட்டு முகவரியைக் காட்டி வண்டியை வைத்திருப்பவர், தாம் அங்கே வசிப்பதாகக் கையெழுத்திட்டு ஒரு பொய்யைப் பதிவேட்டில் ஏற்றுகிறார். 2017-இல் கேரளத்தில் திரைத்துறையினர் சிலர் இதே முகவரி விவகாரத்தில் செய்திகளில் அடிபட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களுடையது கோடிகள் பெறும் வண்டி. நம்முடையது இரண்டு லட்சம். பொய் இரண்டிலும் ஒரே அளவுதான். அவ்வண்டியை வேண்டாமென்றேன்.

இரண்டாவதாகக் காட்டப்பட்டதே இப்போது வாசலில் நிற்பது. டி.என். 16, திண்டிவனம் பதிவு, 2012-ஆம் ஆண்டு வண்டி. ஒரே உரிமையாளர். விலை 1,60,000 ரூபாய். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதாவது இதற்கு 2027 வரை. அதன்பின் ஆய்வுக்குக் காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பித்தல் கட்டணம் 5,000 ரூபாய் ஆக்கப்பட்டது, பசுமை வரி தனி. பழைய வண்டி பார்க்கும் நம் சகோதரர்கள் டயரை உதைத்துப் பார்ப்பதற்கு முன் இந்த ஆண்டுக் கணக்கைப் பார்த்துக்கொள்வது நலம்.

வண்டி நன்றாயிருந்தது. ஆர்.சி.யில் உள்ளவரைக் காண வேண்டும் என்றேன். அவர் ஐந்து மாதங்களுக்கு முன் இறந்துபோயிருந்தார்.

தரகர் சிறிதும் தயங்கவில்லை. “அவரு மௌத்தாகுறதுக்கு முன்னாடியே இருபத்தொம்பது, முப்பது ரெண்டு பாரத்துலயும் கையெழுத்து வாங்கி வெச்சாச்சு ஹஜ்ரத். வண்டியை மாத்தலாம்னு இருந்தாரு. தேதி மட்டும் போட்டா முடிஞ்சுது. ஓ.டி.பி. அவரு நம்பருக்குத்தான் வரும். அந்த சிம்மு பையன்கிட்டதான் இருக்கு.”

பழைய வண்டிச் சந்தையில் இது அன்றாட வழக்கம் என்பதைப் பின்னர் அறிந்தேன். படிவம் 29 என்பது, வண்டியை விற்றுவிட்டேன் என்று விற்பவர் பதிவு அலுவலகத்துக்குத் தரும் அறிவிப்பு. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் தர வேண்டும். படிவம் 30 என்பது, வாங்கியவர் 30 நாட்களுக்குள் தாம் குடியிருக்கும் பகுதியின் அலுவலகத்தில் தரும் விண்ணப்பம். தேதியும் வாங்குபவர் பெயரும் இல்லாமல் இவற்றில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால், அந்தத் தாள்கள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் வாங்கி விற்ற எவருடைய பெயரும் எங்கும் வராது.

ஆனால் இங்கே இருந்த சிக்கல் அதைவிடப் பெரியது. ஒருவர் தம் சார்பில் விற்பதற்கு மற்றொருவரிடம் கையெழுத்திட்ட தாளைக் கொடுத்தால், ஃபிக்ஹின் பார்வையில் அது அதிகபட்சம் ஒரு வகாலத். அதிகாரம் அளித்தவர் மரணித்ததும் வகாலத் முறிந்துவிடுகிறது. நம் நாட்டின் ஒப்பந்தச் சட்டமும் இவ்விடத்தில் அதையே சொல்கிறது. அவர் மூச்சு நின்ற கணத்திலேயே அந்த வண்டி அவருடைய சொத்தாக இருப்பது முடிந்து, வாரிசுகளின் சொத்தாகிவிட்டது. இறந்தவரின் கையெழுத்தைக் கொண்டும், இறந்தவரின் கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணைக் கொண்டும் அதை எனக்கு விற்க எவருக்கும் உரிமையில்லை.

வாரிசுகள் யாரென்று கேட்டேன். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். ஃபராயிள் படித்த மாணவன் விரல்விட்டுச் சொல்லும் கணக்குதான். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, 20,000 ரூபாய். மீதி 1,40,000-இல் மகனுக்கு 70,000, மகள்களுக்குத் தலா 35,000. வண்டியை விற்க வந்திருந்தவர் மகன் ஒருவரே. சகோதரிகளுக்குத் தெரியுமா என்று கேட்டதற்கு, “தங்கச்சிங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க ஹஜ்ரத்” என்றார்.

அவர் தீய மனிதர் அல்லர். தந்தையின் மருத்துவச் செலவைப் பெரும்பாலும் அவரே பார்த்திருக்கிறார். கார் என்பது ஆண்பிள்ளைக்குரிய பொருள் என்று அந்த வீட்டில் எல்லோரும் நினைத்திருக்கலாம். நம் ஊர்களில் வீடு, மனை என்றால் பங்கு பேசுகிறோம். வண்டி, கைபேசி, கடைச் சரக்கு என்றால் கையில் வைத்திருப்பவருக்கு என்று விட்டுவிடுகிறோம். மௌத்தானவரின் காலணி வரை தர்க்கா என்று வகுப்பில் பாடம் நடத்துகிற நான், 1,60,000 ரூபாய் பெறும் பொருளை அந்தப் பெண்கள் அறியாமல் வாங்கிக்கொண்டு, அதில் என் தாயாரை ஏற்றிச் செல்வதா? முறையாக வாரிசு மாற்றம் செய்துகொண்டு விற்றால் வாங்கிக்கொள்கிறேன், முன்பணமாக ஐயாயிரம் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தரகர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அதன்பின் நடந்தவை மெதுவாக நடந்தன. உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 மூலம் வாரிசு தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இறந்தவரின் பெயரிலேயே வண்டியை ஓட்டச் சட்டம் அனுமதிப்பது அந்த மூன்று மாதங்கள் வரைதான். அதுவும் முதல் 30 நாட்களில் தெரிவித்திருந்தால். இங்கே இரண்டு கெடுவும் கடந்துபோயிருந்ததால் தாமதத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. இறப்புச் சான்றிதழ் இருந்தது. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தார்கள். மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழியில் தாயாரும் சகோதரிகளும் கையெழுத்திட வேண்டியிருந்தது. அதில் கையெழுத்திடுவதற்காக இளைய மகள் வேலூரிலிருந்து வந்தார்.

இடையில் இன்னொன்று வெளிப்பட்டது. ஆர்.சி.யில் ஒரு வங்கியின் பெயர் அடமானக் குறிப்பாக இன்னும் இருந்தது. கடன் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்றார்கள்; குறிப்பை நீக்கப் படிவம் 35-ஐ யாரும் கொடுக்கவில்லை. வங்கியின் கடிதம் வரும்வரை எதுவும் நகரவில்லை. தரகருக்கு இது வெறும் எரிச்சல். எனக்கோ, ஃபராயிள் நூலின் முதற்பாடம் போக்குவரத்து அலுவலகச் சன்னலில் நடப்பதைப் போலிருந்தது. கஃபன், அடக்கச் செலவுக்குப் பின் மரணித்தவரின் கடன், அதன்பின் வஸிய்யத், அதன்பின் வாரிசுகளின் பங்கு என்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட வரிசை. படிவம் 35 கடன் தீர்ந்ததைக் கேட்கிறது. படிவம் 31 வாரிசுகளைக் கேட்கிறது. அவை முடிந்த பின்பே 29-உம் 30-உம். இந்த நடைமுறையை வகுத்த அதிகாரிகள் நம் கிதாபுகளைப் பார்த்து வகுக்கவில்லை. ஆயினும் அந்த இரண்டரை மாதத் தாமதத்தில்தான், வண்டியில் உரிமையுள்ள ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கப்பட்டது.

மூத்த மகள் தம் பங்கைத் தாயாருக்கே கொடுத்துவிடச் சொன்னார். இளையவர் தம் 35,000 வேண்டும் என்றார். அண்ணனின் முகம் சுருங்கியதைக் கண்டேன். ஆனால் கொடுத்தார்.

இதற்கிடையே மஹல்லாவில் ஒரு சகோதரர் வேறொரு கேள்வியை எழுப்பினார். கடனுக்கான கொடுக்கல் வாங்கலைத்தானே அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் எழுதச் சொல்கிறது. கைக்குக் கை நடக்கும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்றும் அதிலேயே இருக்கிறதே. பணமும் சாவியும் கைமாறிய பின் பெயர் மாற்றம் எதற்கு என்றார். நல்ல கேள்வி. ஈஜாப், கபூல், கைப்பற்றல் ஆகியன முடிந்தால் விற்பனை செல்லும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும் அதே வசனம் அந்தச் சலுகைக்கு அடுத்தபடியாக, விற்கும்போது சாட்சி வைத்துக்கொள்ளவும் சொல்கிறது. மேலும் ஒரு மூட்டை அரிசி விற்றவருக்கும் அந்த அரிசிக்கும் அதன்பின் உறவில்லை. கார் அப்படியா? அது நாளை ஒருவர் மீது மோதலாம்.

மோதியும் இருக்கிறது. எங்கள் மஹல்லாவின் தையற்காரர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் தம் ஆம்னி வண்டியை வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டு விற்றார். அது யார் யாரிடமோ சென்று, காப்பீடு இல்லாமல் ஓடி, ஒரு விபத்தில் முடிந்தது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் அறிவிப்பு அவர் வீட்டுக்கு வந்தது. தாம் விற்றுவிட்டதாக அவர் சொன்னார். யாரிடம் என்று கேட்டபோது அவரிடம் ஒரு கைபேசி எண் மட்டுமே இருந்தது, அதுவும் செயல்படவில்லை. இவ்விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 6 அன்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே. விபத்தில் அடிபட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பதே அதன் காரணம். நீதியான காரணம்தான். அடிபட்ட குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் நாமும் அதையே கேட்போம். தையற்காரரோ இரண்டு இயந்திரங்களை விற்றார். மீதித் தொகைக்கு ஜமாஅத் கை கொடுத்தது.

ஆகவே விற்கும் சகோதரர்களே, பெயர் மாற்றம் வாங்குபவரின் வேலை என்று இருந்துவிடாதீர்கள். படிவம் 29-ஐ நீங்களே நிரப்பி, வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி, நேரம் எழுதி, நீங்களே ஒப்படைத்து ஒப்புகை வாங்குங்கள். வணிகரிடம் விற்பதானால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி அவர் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்றவரா என்று பாருங்கள். அங்கீகாரம் பெற்றவரெனில், படிவம் 29சி மூலம் வண்டியை ஒப்படைத்த செய்தியைப் பதிவு செய்ததும் பொறுப்பு அவரிடம் போய்விடுகிறது. கிலோமீட்டர் மானியைத் திருப்பி வைப்பதைப் பற்றியும், வெள்ளத்தில் நின்ற வண்டியை மெருகிட்டு விற்பதைப் பற்றியும் தனியே எழுத வேண்டும். தானியக் குவியலுக்குள் கை விட்டுப் பார்த்து ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியிடம் என்ன சொன்னார்கள் என்பதை மக்தப் பிள்ளைகளும் அறிவார்கள்.

எங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணைப் படியெடுக்கச் சொன்னார்கள். தாளை அந்த எண்ணின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்துகள் எழும்பி வரும். உடன் வந்த என் மாணவர்கள் இருவருக்கும் அது பெரிய வேடிக்கை. எதற்கு இது என்று கேட்டார்கள். நம் கோட்டைக்குள் குதிரை லாயங்களைப் பார்த்திருக்கிறீர்களே என்றேன். 1690 முதல் 1698 வரை சுல்ஃபிகார் கானின் முகலாயப் படை இவ்வூரை முற்றுகையிட்டுக் கிடந்தது. முகலாயப் படைகளில் குதிரைக்குச் சூட்டுக்குறி இடும் வழக்கம் இருந்தது. தாக் என்று அதற்குப் பெயர். அலாவுத்தீன் கில்ஜி தொடங்கி, ஷேர்ஷா மீட்டு, அக்பர் நிலைநிறுத்திய முறை. நல்ல குதிரையைக் கணக்கில் காட்டிவிட்டு நொண்டிக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துவோர் அன்றும் இருந்தார்கள். மாணவரில் ஒருவன், “தேசிங்கு ராஜா குதிரைக்கும் சூடு போட்டிருப்பாங்களா ஹஜ்ரத்?” என்றான். அது எனக்குத் தெரியாது என்றேன்.

முதலில் மகன் பெயருக்கும், பின்னர் அவரிடமிருந்து என் பெயருக்கும் வண்டி மாறியது. புதிய அட்டை அஞ்சலில் வந்தது. காப்பீட்டை மாற்ற 14 நாட்களே உண்டு. பிறருக்கு நேரும் சேதத்துக்கான பகுதி வண்டியோடு தானே வந்துவிடுகிறது. சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதியோ, காப்பீட்டு நிறுவனத்தில் பெயர் மாறாவிட்டால் நம்மைக் காக்காது. விபத்தில்லாமல் ஓட்டியதற்கான தள்ளுபடி முன்னவருடைய பொறுமைக்குக் கிடைத்தது, எனக்குரியதன்று என்றார் அலுவலர். அந்த வித்தியாசத் தொகையைக் கட்டினேன். ரசீது, வங்கிக் கடிதத்தின் நகலோடும் வாரிசுகளின் உறுதிமொழி நகலோடும் வண்டியின் முன்பெட்டியில் இருக்கிறது.